பூட்டுக்கு மரியாதை

எங்கள் கட்சியின் பெயரைச் சொன்னால், "அது எந்தக் கட்சி?" என்பார்கள். தலைவரின் பெயரைச் சொன்னால், "அவர் செத்துட்டாரே, கட்சி இன்னும் கீதா?" என்பார்கள். இருக்கிறது. ஓசூரில் ஒரு லேத் பட்டறையின் பின்பக்க அறையில் இருக்கிறது. பட்டறை எங்கள் மாவட்டச் செயலாளருடையது. கூட்டத்தின் நடுவில் யாராவது வேலை கொண்டுவந்தால் அவர் எழுந்து போய் மெஷினைப் போட்டுவிடுவார். மெஷின் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

நான் கொள்கை படித்துக் கட்சிக்கு வந்தவள் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். பாத்ரூம் போகக் கையைத் தூக்கி சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஒருநாள் கேட்காமல் போனேன். மறுநாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. எனக்காகக் கேட்டுக்கு வெளியே வந்து நின்று தொண்டை கட்டும்வரை கத்திய ஒரே ஆள் அந்த லேத் பட்டறைக்காரர்தான். வேறு கட்சிக்காரர் யாராவது வந்து கத்தியிருந்தால் நான் அந்தக் கட்சிக்குப் போயிருப்பேன். யாரும் வரவில்லை. என் அரசியல் வரலாறு இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கட்சி நிற்கச் சொன்ன தேர்தலில் எல்லாம் நின்றேன், எல்லாவற்றிலும் தோற்றேன். ஓசூரில் வார்டுக்கு நின்று தோற்றேன். கல்யாணமாகி உத்தனப்பள்ளிப் பக்கம் வந்த பிறகு அங்கேயும் நின்று தோற்றேன். சட்டமன்றத்துக்கு நின்றபோது நோட்டா என்னைவிட அதிகம் வாங்கியது. யாருமே வேண்டாம் என்று ஓட்டுப் போட வந்தவர்கள் என்னை வேண்டும் என்று வந்தவர்களைவிட அதிகம். கொஞ்ச காலம் டீக்கடையில் என்னை "நோட்டாக்கா" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு நானும் பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. என் வீட்டுக்காரர் தக்காளி போடுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த வாட்டியும் நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா இதோட உட்டுடறேன். கட்சியும் வேணாம், மைக்கும் வேணாம். ஒன்னோட தோட்டத்துக்கே வந்துடறேன்."

"வந்து வாயை மூடிக்கினு வேலை செய்வியா?"

"அது முடியாது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். தோல்வியும் ஒரு பாடம் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் விடாமல் தோற்றவர்கள் இல்லை. விடாமல் தோற்றவளுக்குத் தெரியும், அதில் ஒரு பாடமும் கிடையாது. அசிங்கம் மட்டும்தான் இருக்கிறது.

எங்களைப்போன்ற சின்னக் கட்சிக்குச் சொந்தச் சின்னம் இல்லை. மிச்சம் மீதி இருக்கும் சின்னங்களில் ஒன்றைக் கொடுப்பார்கள். நான் ஆட்டோ கேட்டேன். இன்னொருவரும் ஆட்டோ கேட்டார். குலுக்கிப் போட்டார்கள். ஆட்டோ அவருக்குப் போனது. எனக்குப் பூட்டு வந்தது.

செயலாளர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தொழிலாளி கட்சிக்குப் பூட்டா? கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டுட்டான், பூட்டுப் போட்டுட்டான்னு வருசம் பூரா கத்தறோம். இப்ப நாமளே போய்ப் பூட்டுக்கு ஓட்டுப் போடுன்னா செருப்பால அடிக்கமாட்டாங்க?"

"சாவி நம்ம கையில கீதுன்னு சொல்லலாம்ணே."

"படத்தை நல்லாப் பாரு. சாவி இல்ல. வெறும் பூட்டு."

எங்கள் வார்டில் மூன்று பாஷை புழங்கும். ஒரே ஆள் வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், கெலமங்கலம் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவார். ஆனால் ஓட்டுக் கேட்டு வருகிறவள் மட்டும் அவரவர் வீட்டுப் பாஷையில்தான் கேட்க வேண்டும். இல்லையென்றால், "இவங்களுக்கு நம்ம தெரு கண்ணுக்குத் தெரியல" என்று ஆகிவிடும். வார்டில் ஓட்டு அதிகம் இருந்தது ஏரிக்கரையை ஒட்டிய கன்னடக்காரர் தெருவில்தான். முந்தைய தேர்தலில் அந்தத் தெருவில் எனக்கு ஒரு வாசல்கூடத் திறக்கவில்லை.

எனக்குக் கன்னடம் தெரியும். கம்பெனி லைனில் பக்கத்தில் நின்ற பெண்களிடம் கற்றுக்கொண்டது. இடிக்காதே, தள்ளி நில், எடுத்ததை வை என்கிற அளவில் நன்றாகவே வரும்.

"ஒன்னோட கன்னடம் சண்டைக் கன்னடம்மா," என்றார் செயலாளர். "ஓட்டுக் கேக்கப் போற எடத்துல மரியாதை வேணும். நம்ம 'ங்க' மாதிரி அவங்களுக்கு 'ரு'. அதைச் சேத்துப் பேசு. அவங்க அதைத்தான் பாப்பாங்க."

"யார் யாருக்குச் சேக்கணும்?"

"எல்லாத்துக்கும் சேத்துடு. கூடப்போனா ஒன்னும் கொறைஞ்சிடாது."

சேர்த்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒருவர் சொன்ன புத்தியை அப்படியே கேட்டேன். தண்ணீர் டேங்க்குக்குக் கீழே பிரசார ஆட்டோவை நிறுத்தினோம். சாயங்கால ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் ரோட்டில் இறங்கித் தெருவுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்து, கண்ணில் பட்ட எல்லோருக்கும் ரு சேர்த்துப் பேசினேன். கடைசியில் சின்னத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. கன்னடத்தில் பூட்டுக்கு 'பீக' என்று பெயர். 'பீகக்கெ ஓட்டு ஹாக்கி' என்றால் பூட்டுக்கு ஓட்டுப் போடுங்கள். எனக்கு அது மொட்டையாகப் பட்டது. சின்னத்துக்கும் மரியாதையைச் சேர்த்தேன்.

"தயவிட்டு பீகரிகெ ஓட்டு ஹாக்கி!"

தெருவே சிரித்தது. சின்னச் சிரிப்பு இல்லை. கம்பெனி கேன்டீனில் சமைக்கிற ஒரு அக்கா, சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யார மனெ பீகரு நீவு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒரு ஆள் சத்தமாகக் கேட்டார். "ஊட்டா யாவாக, பீகித்தி?"

ஊட்டா என்றால் சாப்பாடு, யாவாக என்றால் எப்போது. அது எனக்குத் தெரியும். ஜெயித்தால் சாப்பாடு போடுவாயா என்று கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலிக்குப் பதில் சொல்லாமல் நான் எந்த இடத்தையும் விட்டு வந்ததில்லை.

"கெத்த மேலெ!" என்றேன். ஜெயித்த பிறகு.

விசில் அடித்தார்கள். கை தட்டினார்கள். இத்தனை வருடத்தில் நான் பேசி யாரும் விசில் அடித்ததில்லை. பெரிதாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்போடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்ட வேண்டிய செயலாளர் ஹேண்டில் பாரில் தலையைக் கவிழ்த்து வைத்திருந்தார். முதுகு குலுங்கியது.

"என்னாண்ணே?"

"பூட்டுக்கு எவனாவது மரியாதை குடுப்பானா?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பீகன்னா பூட்டு. பீகருன்னா சம்பந்திங்க. சம்பந்திங்களுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேட்டுட்டு வந்திருக்கற. அதான் அந்தம்மா, யாரு ஊட்டு சம்பந்தி நீங்கன்னு கேட்டுது."

"அந்த ஆளு என்னா கேட்டான்?"

"சம்பந்தியம்மா, விருந்து எப்பன்னு கேட்டான். கல்யாணம் முடிஞ்சு சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒன்னா ஒக்காந்து கறி சாப்புடுவாங்க. பீகர ஊட்டான்னு பேரு. ஜெயிச்சப்புறம்னு நீயும் நாள் குறிச்சுக் குடுத்துட்ட."

"அங்கயே சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"சிரிக்காம வாயைத் தொறக்க முடியலம்மா."

"எல்லாத்துக்கும் ரு சேருன்னு யாரு சொன்னது?"

"பூட்டுக்குமா சேக்கச் சொன்னேன்?"

அன்று எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவைவிட்டு இறங்கி நடந்தே போய்விடலாம் என்றிருந்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் அந்தத் தெருவுக்குத் திரும்பவும் போனேன். முதல் வீட்டிலேயே, "வாங்க பீகித்தி" என்று கதவைத் திறந்தார்கள். இரண்டாம் வீட்டில் காபி. மூன்றாம் வீட்டில், சம்பந்தியம்மாவுக்கு நாற்காலி போடவில்லை என்று மருமகளைத் திட்டினார்கள். மன்னிப்பை எங்கே கேட்பது? கேன்டீன் அக்கா வாசலில் நின்றுகொண்டு, "எங்க தெருவுல ஓட்டுக் கேட்டு வரவங்க எல்லாம் பெரியப்பா, அண்ணன், தங்கச்சின்னு சொல்லிக்கினு வருவாங்க. சம்பந்தின்னு உரிமையா கேட்டது நீ ஒருத்திதான்," என்றார். அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். உண்மையைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்குக் காபி நன்றாக இருந்தது.

என்னை எதிர்த்து நின்றவர் ஒரு பெரிய கட்சிக்காரர். டிராக்டர் ஷோரூம் வைத்திருந்தார். நான் அந்தத் தெருவில் காபி குடித்துக்கொண்டிருப்பதை அவருடைய ஆட்கள் பார்த்துவிட்டார்கள். யாரோ என் பேச்சைப் போனில் பிடித்தும் வைத்திருந்தார்கள். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் புகார் போனது. வேட்பாளர் கன்னடத்தில் கறி விருந்து போடுவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்கிறார் என்று புகார்.

எனக்கு அழைப்பு வந்தது. வழக்குப் பதிந்தால் பிரசாரத்தை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியதுதான் என்றார் செயலாளர். அப்புறம் ஜெயிப்பதாவது ஒன்றாவது. ஜெயிக்கிற மாதிரி இருந்த ஒரே தேர்தலும் ஒரு எழுத்தால் போகப்போகிறது.

அலுவலர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. வீடியோவை மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலயே. இவங்க என்ன சொல்லுதாங்க?"

எதிர்க்கட்சி வேட்பாளரின் ஏஜென்ட் விளக்கினார். "ஊட்டா யாவாகன்னா சாப்பாடு எப்பன்னு அர்த்தம் சார். கெத்த மேலென்னா ஜெயிச்சப்புறம். இதுக்கு மேல என்னா சார் வேணும்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். செயலாளர் என் காலை மிதித்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. விஷயம் கேள்விப்பட்டு வந்த கேன்டீன் அக்கா யூனிபார்மோடு இறங்கினார். பின்னால் அந்தத் தெருப் பெண்கள் இறங்கினார்கள். உள்ளே வந்து நேராக அலுவலரின் மேசை முன்னால் நின்றார்கள்.

"சார், நீங்க கல்யாணம் ஆனவங்கதானே?" என்று ஆரம்பித்தார் அக்கா.

"ஆமா. அதுக்கு என்ன?"

"சம்பந்திக்காரங்க மொதல் தடவையா ஒங்க ஊட்டுக்கு வராங்க. யாரு சாப்பாடு போடணும்? வந்தவங்களா, ஊட்டுக்காரங்களா?"

"வீட்டுக்காரங்கதான் போடணும்."

"இந்தம்மா எங்க தெருவுக்கு வந்தாங்க. சம்பந்தின்னு சொல்லிக்கினு வந்தாங்க. அப்ப யாரு போடணும்?"

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கதான் போடணும்."

"அதைத்தான் சார் எங்க ஆளு கேட்டாரு. விருந்து வெக்கறோம், எப்ப வரீங்கன்னாரு. இவங்க ஜெயிச்சப்புறம் வரேன்னாங்க. திங்கப்போறது இவங்க. போடப்போறது நாங்க."

"அது சரிம்மா. இதுல பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு?"

அக்கா யோசிக்கவே இல்லை. "ஓட்டுதான் சார் பொண்ணு. பொண்ணு குடுக்கறவங்க நாங்க."

பின்னால் நின்ற பெண்கள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அலுவலர் ஏஜென்ட்டைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கன்னடம் தெரியும்லா? இவங்க சொல்லுத வழக்கம் உண்டா, இல்லையா?"

அந்த ஆளுக்குக் கன்னடம்தான் வீட்டுப் பாஷை. போன வைகாசியில்தான் அவர் மகளைக் கட்டிக்கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விருந்து வைத்திருந்தார். சாப்பிட்டவர்களில் நாலு பேர் அந்த அறையிலேயே நின்றார்கள்.

"வழக்கம் கீது சார்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பொண்ணு ஊட்டுக்காரங்கதான் போடுவோம்."

"வாக்காளர் சோறு போட்டு வேட்பாளர் சாப்பிட்டா குத்தம்னு நான் படிச்ச எதுலயும் இல்ல," என்றார் அலுவலர். "ஆனா ஒண்ணு. தேர்தல் முடியுத வரைக்கும் யாரும் யாருக்கும் எதுவும் போடக்கூடாது. காபிகூடக் கூடாது. போங்க."

கேன்டீன் அக்கா வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஏதாவது கத்திக் கெடுத்துடுவியோன்னு வழி பூரா பயந்துக்கினே வந்தேன்."

"அண்ணன் காலை மிதிச்சுக்கினு இருந்தாரு," என்றேன்.

அந்தக் கதை எங்களுக்கு முன்னால் வார்டு முழுக்கப் போய்விட்டது. தெலுங்குக்காரர் தெருவுக்குப் போனபோது அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "மேமு ஏமன்னா பராயிவாள்ளமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நாங்கள் மட்டும் என்ன அந்நியரா என்று. அங்கேயும் சம்பந்தம் செய்துகொண்டேன். தமிழ்க்காரர் தெருவில் என்னைக் கண்டதும், "சம்பந்தியம்மா வராங்க, பாயைப் போடு" என்றார்கள். பூட்டு, கம்பெனிப் பூட்டு என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. செயலாளர் எழுதி வைத்திருந்த நாலு பக்க விளக்கத்தை யாரும் கேட்கவும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஓட்டு எண்ணுகிற அன்று என் வீட்டுக்காரரும் வந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய நாள் அது. அதை விட்டுவிட்டு வந்தார். ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சை நிறச் சீட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். முதல் பெட்டிகளில் டிராக்டர்காரர் முன்னால் போனார். எனக்குப் பழகின காட்சிதான். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் ஏரிக்கரைத் தெருப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பூட்டு, பூட்டு, பூட்டு என்று எண்ணுகிறவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, சரியாகத்தான் பார்க்கிறோமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டினார்.

பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அத்தனை ஓட்டுதான் அதிகம். போதும். டிராக்டர்காரர் கிட்டே வந்து, "சம்பந்தி, எங்க தெருவையும் கொஞ்சம் கவனிச்சுக்கங்க," என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "கவனிக்கிறேன், வழியை விடுங்க," என்றேன். செயலாளர் அழுதார். வெளியே நின்ற என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"ஜெயிச்சுட்டேன்."

"சத்தம் கேட்டுது," என்றார். பிறகு, "அப்ப குச்சி கட்ட ஆளு பாக்கணும்," என்றார். அந்த ஆள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைத் தெருவில் விருந்து. பந்தல் போட்டு வீட்டுக்கு ஒரு கிலோ கறி என்று சேர்த்திருந்தார்கள். ராகிக் களியும் கறிக் குழம்பும். நானும் வீட்டுக்காரரும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். நான் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கேன்டீன் அக்கா களி உருண்டையை என் இலையில் வைத்து, அதன்மேல் குழம்பை ஊற்றிவிட்டு, அங்கேயே நின்றார்.

"தின்னு. தின்னுக்கினே கேளு. டேங்க்குல வர தண்ணி நாறுது. ஒரு மாசமா சொல்றோம், ஒருத்தரும் ஏறிப் பாக்கல. ஜெயிச்சு இத்தனை நாள் ஆச்சு, நீ என்னா பண்ற?"

"இன்னும் பதவிப் பிரமாணமே ஆகலக்கா."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? ஜெயிச்சது நீதானே?"

அடுத்த வரிசையில் இருந்து ஒரு பெண் தெரு லைட்டைப் பற்றித் திட்டினாள். குழம்பு வாளியோடு வந்தவர், கம்பெனி பஸ் தெருமுனைக்கு வராததால் இருட்டில் ஹைவேயில் நடந்து வருகிறோம், உனக்குக் கண் இல்லையா என்றார். சைக்கிள்காரர், ஓட்டு வாங்கினதும் முகம் மாறிவிட்டது என்றார். நாலு பக்கமும் திட்டு. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஒரு சந்தோஷம். தோற்றவளை யாரும் திட்டுவதில்லை. பாவம் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள். இத்தனை வருடமாக எனக்கு டீதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

"சும்மா இருங்க எல்லாரும்," என்று கத்தினேன். "மொதல்ல திங்க விடுங்க. அப்புறம் ஏறிப் பாக்கறேன்."

"யாரு, நீயா? பட்டுச் சேலையோடவா?"

ஒரு உருண்டை பாக்கி வைக்காமல் சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு டேங்க்கின் இரும்பு ஏணியில் ஏறினேன். கீழே பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் இலையை விட்டுவிட்டு எழுந்து வந்து அண்ணாந்து நின்றார்கள். பார்த்துப் போ என்று மூன்று பாஷையிலும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் மூடியைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தேன். பாசி விரல் தடிமனுக்குப் படர்ந்திருந்தது. நடுவில் ஒரு புறா செத்து மிதந்தது.

தமிழில் திட்ட ஆரம்பித்து, தெலுங்கில் தொடர்ந்து, கன்னடத்தில் முடித்தேன். அங்கே நின்றபடியே போனை எடுத்து டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு அதையே மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன். கீழே கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.